ஐயத்திடையே ஓர் அழைப்பு

எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தைத் தமிழாசிரியர்கள் நன்கறிவர். ஆதி பருவம் முதல் இரட்சணிய பருவம் ஈறாக ஐந்து பருவங்கள் கொண்டு 1894-ஆம் ஆண்டில் வெளிவந்த அக்காப்பியம், ஜான் பன்யன் என்னும் ஆங்கிலேயர் எழுதிய உரைநடை நூலொன்றைத் தழுவி எழுந்தது என்பதையும் அறிவர். கம்பனை நெஞ்சில் வைத்துப் பாடியவர் கிருஷ்ண பிள்ளை. ஆதலால் வகுப்பிலே சந்தத்தையும் உவமையையும் எடுத்துக்காட்டி மகிழ்கிறோம். மூலநூலாசிரியரைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு அப்பால் சென்றுவிடுகிறோம்.

அந்த ஒரு வரியில் அடங்கக்கூடியவர் அல்லர் பன்யன். முத்திநெறியின் படிகளையெல்லாம் ஐயமற உணர்ந்து, பிறருக்குப் பாடம் சொல்ல முற்பட்டவரும் அல்லர். ஆண்டவர் மற்றவர்களை அழைக்கிறார், என்னையும் அழைத்தாரா? இந்த ஒரே கேள்வியில் ஆண்டுக்கணக்காகக் கிடந்து உழன்றவர் அவர். அவ்வுழற்சியை 1666-இல், சிறையில் இருந்த காலத்திலேயே, ஒரு தன்வரலாறாக எழுதி வெளியிட்டார். பாவிகளில் தலையாய பாவிக்குப் பெருகிய அருள் என்று அந்நூலின் பெயரைத் தமிழில் சொல்லலாம். கிறிஸ்தவ உலகில் ஐயத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்களுள் இதைப் போல் ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டது அரிது. இன்று நாம் பார்க்கப் போவது பெரும்பாலும் இந்நூல் தரும் செய்திகளையே.

பன்யன் 1628-இல் பெட்போர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் பிறந்தார். ஊர் ஊராகச் சென்று பித்தளை, செம்புப் பாத்திரங்களின் ஓட்டையை அடைத்துக் கொடுப்பது தந்தையின் தொழில். மகனும் அதையே செய்தார். 1644-ஆம் ஆண்டில் தாயும் தங்கையும் அடுத்தடுத்து இறந்தனர். தந்தை விரைவிலேயே மறுமணம் செய்துகொண்டார். அவ்வாண்டிலேயே, பதினாறு வயது நிரம்பும் தறுவாயில், பன்யன் பாராளுமன்றப் படையில் சேர்ந்தார். மன்னன் முதலாம் சார்லசுக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு முற்றுகைக்கு அவர் போக வேண்டியிருந்தபோது, வேறொரு வீரன் விரும்பி அவரிடத்தில் போனான். போனவன் தலையில் குண்டு பாய்ந்து மாண்டான். இந்நிகழ்ச்சியைப் பன்யன் சில வரிகளில் சொல்லி முடித்துவிடுகிறார். பிறனொருவன் தன்னிடத்தில் நின்று இறந்ததை ஒருவன் எளிதில் மறப்பானா?

ஊர் திரும்பி மணம் செய்துகொண்டார். மணமக்கள் இருவருக்குமாக ஒரு தட்டும் ஒரு கரண்டியும்கூட இல்லையாம். மனைவி கொண்டுவந்த சீதனம், அவள் தந்தை விட்டுச் சென்ற இரண்டு பக்தி நூல்களே. அவற்றைப் படித்ததால் கோயிலுக்குப் போகும் வழக்கம் வந்தது, ஆட்டபாட்டம் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுநாளில் விளையாடுவது பாவம் என்று பாதிரியார் செய்த பிரசங்கத்தைக் கேட்டு மனம் கலங்கி வீடு வந்தார். வயிறார உண்டதும் கலக்கம் தீர்ந்தது. மாலையில் ஊர்த்திடலில் ஆடப் போனார். அவர்கள் ஆடிய ஆட்டம் ஏறக்குறைய நம் கிட்டிப்புள்தான். புள்ளை ஒரு முறை அடித்துவிட்டு, இரண்டாம் முறை அடிக்கக் கோலை ஓங்கியபோது, வானத்திலிருந்து ஒரு குரல் தம் உள்ளத்தில் பாய்ந்ததாக எழுதுகிறார். பாவத்தை விட்டு மோட்சம் புகுவாயா, பாவத்தோடு நரகம் புகுவாயா என்பது அக்குரல் கேட்ட கேள்வியின் கருத்து. கோலைக் கீழே போட்டு அண்ணாந்து நின்றார்.

அடியார் வரலாறுகளில் இந்த இடத்தில் கதை திரும்பும். கேட்டவர் கண்ணீர் மல்குவார், வீடு வாசல் துறப்பார். பன்யனோ, இனிக் காலம் கடந்துவிட்டது, எனக்கு மன்னிப்பு இல்லை, எப்படியும் நரகம் என்றால் ஆடிவிட்டே போகலாம் என்று தமக்குள் தீர்மானித்துக்கொண்டு மீண்டும் கோலை எடுத்து ஆடினார்! உடன் ஆடியவர் எவருக்கும் ஒன்றும் தெரியாது. அழைப்பு வந்த கணத்திலேயே ஐயமும் உடன் வந்துவிட்டது என்பதை இதனினும் தெளிவாக எவர் சொல்ல இயலும்?

பின்னொரு நாள் தொழில் நிமித்தமாகப் பெட்போர்டுக்குப் போனவர், ஒரு வாசலில் வெயில் காய்ந்தபடி பேசிக்கொண்டிருந்த மூன்று நான்கு ஏழைப் பெண்களைக் கண்டார். வேதம் பேசுவதில் தாமும் வல்லவர் என்ற நினைப்பில் அருகே சென்று செவிகொடுத்தார். அவர்கள் பேசியது எட்டவில்லை. ஆண்டவர் தங்கள் நெஞ்சில் செய்ததை, மகிழ்ச்சியே பேச வைத்தாற்போல் அவர்கள் பேசினார்கள். அப்பெண்கள் ஜான் கிப்பர்டு என்பவரின் சிறு சபையைச் சேர்ந்தவர்கள். கிப்பர்டும் விந்தையான மனிதர். மன்னர் படையில் தளபதியாக இருந்து, மரண தண்டனை பெற்று, தம் சகோதரியின் உதவியால் சிறையிலிருந்து தப்பி, மருத்துவராகவும் சூதாடியாகவும் திரிந்து, முடிவில் போதகரானவர். அவரிடமும் பன்யன் சென்றார். அமைதி கிட்டவில்லை, ஐயம்தான் கூடிற்று.

இதற்குக் காலத்தின் போக்கும் ஒரு காரணம். அன்றைய இங்கிலாந்தின் பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் கால்வின் வகுத்த கொள்கை வழி நின்றவர்கள். முத்தி பெறுவோரை ஆண்டவர் உலகத் தோற்றத்துக்கு முன்பே தெரிந்துகொண்டார் என்பது அக்கொள்கை. ஆகவே நல்லவன் ஆவது எப்படி என்பதைவிட, தெரிந்துகொள்ளப்பட்டவர்களுள் நான் உண்டா என்பதே ஒவ்வொருவரையும் வாட்டும் கேள்வியாயிற்று. முன்னாளில் இத்தகைய கலக்கத்தோடு வருபவனுக்குக் குருவானவர் ஒருவர் பாவமன்னிப்பு அருளி ஆறுதல் சொல்லி அனுப்புவார். அந்த ஏற்பாடு போயிற்று. தாய்மொழியில் அச்சான வேதம் பாத்திரம் அடைப்பவன் கைக்கும் வந்துவிட்டது. விடையை அவனே அதில் தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று. இது விடுதலைதான், ஆனால் தனிமையான விடுதலை.

ஒருமுறை அவர் உள்ளத்தில் ஒரு வேதவாக்கியம் எழுந்தது. முன்னோர் தலைமுறைகளைப் பார், ஆண்டவரை நம்பியவர் எவரேனும் கைவிடப்பட்டது உண்டா என்னும் கருத்துடையது அது. எங்குள்ளது என்று தேடினார். கிடைக்கவில்லை. கற்றோரைக் கேட்டார், அவர்களுக்கும் தெரியவில்லை. ஓராண்டுக்கு மேல் தேடியபின், வேதத்தின் தள்ளுபடியாகமப் பகுதியில், சீராக்கின் ஞானம் எனப்படும் நூலில் கண்டுபிடித்தார். அவருடைய சபையார் திருமறையாக ஏற்காத நூல் அது. முதலில் திடுக்கிட்டாலும், பல வாக்குத்தத்தங்களின் சாரம் இதில் உள்ளதே என்று எண்ணித் தேறினார். மேற்கோளின் இருப்பிடம் தேடி ஏட்டைப் புரட்டிய அனுபவம் உடைய தமிழாசிரியர்கள் இப்பகுதியைப் படித்தால் புன்னகை புரிவார்கள்.

மாற்கு எழுதிய சுவிசேஷத்தில், இயேசு மலையேறித் தமக்கு விருப்பமானவர்களை அழைத்தார், அவர்கள் வந்தார்கள் என்ற செய்தி உண்டு. இதைப் படித்துப் பன்யன் ஏங்கிய ஏக்கம் சொல்லி முடியாது. நான் பேதுருவாகப் பிறந்திருக்கக் கூடாதா, யோவானாகப் பிறந்திருக்கக் கூடாதா, அவர் அழைத்தபோது அருகே நின்று கேட்டிருக்கக் கூடாதா என்று புலம்புகிறார். விருப்பமானவர்களை என்ற சொல்லே அவரைச் சுட்டது. தாம் அந்த விருப்பத்துள் அடங்காதவராக இருந்தால்? மற்றொரு சமயம் யாரோ பின்னாலிருந்து உரக்கக் கூப்பிடுவது போன்ற குரல் கேட்டு, அரைக்கல் தொலைவில் ஆள் வருவதாக எண்ணித் திரும்பிப் பார்த்தார். அக்குரல் அழைத்த பெயர் சீமோன் என்பது. அவருடைய பெயர் அன்று!

பின்னர் வந்தது பெருஞ்சோதனை. கிறிஸ்துவை விற்றுவிடு என்று ஒரு சொல் அவர் செவிக்குள் இரவும் பகலும் ஒலித்தது. உண்ணும்போது, ஊசி எடுக்கும்போது, விறகு பிளக்கும்போது அதே சொல். மாட்டேன், மாட்டேன் என்று மறுத்து மறுத்துக் களைத்து, ஒரு காலை, அவர் விரும்பினால் போகட்டும் என்று எண்ணம் ஓடிவிட்டதாக உணர்ந்தார். அவ்வளவுதான். சுடப்பட்ட பறவை மரத்திலிருந்து விழுவதுபோல் விழுந்தேன் என்கிறார். பிறப்புரிமையை ஒருவேளை உணவுக்கு விற்றுவிட்டுப் பின்பு கண்ணீரோடு தேடியும் பெறாத ஏசாவின் கதை, எபிரெயருக்கு எழுதிய நிருபத்திலிருந்து எழுந்து வந்து அவரை மறித்தது. தாவீதின் பாவத்தோடும் பேதுருவின் பாவத்தோடும் தம் பாவத்தை வைத்து நிறுத்துப் பார்த்தார். பேதுரு மறுதலித்தார், நானோ விற்றேன், ஆகவே யூதாசுக்கே அண்மையானவன் என்று முடிவு செய்தார். போதாக்குறைக்கு, 1548-இல் இத்தாலியில் தாம் ஏற்ற சமயத்தை அச்சத்தால் மறுத்துவிட்டு, ஆண்டவர் தம்மைக் கைவிட்டார் என்று கதறியே இறந்த பிரான்செஸ்கோ ஸ்பியேரா என்னும் வழக்கறிஞரின் வரலாறும் கையில் அகப்பட்டது. புண்ணில் உப்புத் தூவியதாயிற்று. இப்படியாக ஆண்டுகள் சென்றன.

இந்நிலை தமிழ்ச் செவிக்குப் புதிதன்று. பெருந்துறையில் ஆட்கொள்ளப்பட்ட மாணிக்கவாசகர், பின்பு என்னை விட்டுவிடாதே என்று ஐம்பது பாடல்களில் இரந்ததை நீத்தல் விண்ணப்பத்தில் காண்கிறோம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வாதவூரடிகளுக்குத் தாம் ஆட்கொள்ளப்பட்டது உறுதி; பன்யனுக்கு அதுவே ஐயம்.

அவரை மீட்டது எது? காட்சி அன்று, அற்புதமும் அன்று. யோவான் சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தில் வரும் ஒரு சிறு வாக்கியம். தம்மிடம் வருகிறவனைத் தாம் ஒருக்காலும் தள்ளுவதில்லை என்னும் இயேசுவின் வாக்கு அது. சாத்தான் ஒரு முனையைப் பற்ற, தாம் மறுமுனையைப் பற்றி இழுத்ததாக, வேறெந்த வேதவாக்கியத்துக்காகவும் தாம் இவ்வளவு போராடியதில்லை என்கிறார். வருகிறவன் என்பது இன்னின்னாரைக் குறிக்கும், உன்னைக் குறிக்காது என்று எதிரி சொல்வான். இன்ன பாவி என்று இதில் விலக்கு ஏதும் இல்லையே என்று இவர் மறுப்பார். உரையாசிரியர்கள் ஒரு சொல்லின் பொருளுக்காக வழக்காடுவதை நாம் அறிவோம்; இங்கே ஒருவன் தன் உயிருக்காக ஒரு வினையாலணையும் பெயரின் பொருளை வழக்காடுகிறான்.

இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் அவ்வாக்கியத்தை விடவில்லை. 1678-இல் அதற்கு மட்டுமே உரையாக ஒரு முழு நூல் எழுதினார். அதில் அவர் காட்டும் நுட்பம் ஒன்று உண்டு. அந்த வசனத்தின் முதற்பகுதி, பிதா தமக்குக் கொடுப்பவை யாவும் தம்மிடம் வரும் என்று தொகுதியாகப் பேசுகிறது. பிற்பகுதியோ வருகிறவன் என்று ஒருமைக்கு இறங்குகிறது. மொத்தமான கட்டியை மட்டும் அவர் பார்க்கவில்லை, அக்கட்டியில் உள்ள ஒவ்வோர் ஒருவனையும் திரும்பிப் பார்க்கிறார் என்பது பன்யன் கொண்ட பொருள். நான் பெரும்பாவி ஆயிற்றே, பழம்பாவி ஆயிற்றே, வேண்டுமென்றே எதிர்த்தவன் ஆயிற்றே என்று தடை மேல் தடை எழுப்பி, ஒவ்வொன்றுக்கும் அதே வாக்கியத்தையே விடையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். இலக்கண நூலார் இதைக் கூறியது கூறல் என்பர். தடை சொல்பவரும் விடை சொல்பவரும் ஒருவரே என்பதை அறிந்தவனுக்கு அது குற்றமாகத் தோன்றாது.

தம் பெயர் சொல்லி ஒரு குரல் அழைக்கும் என்று காத்திருந்தவர், முடிவில் பெயரே சொல்லாத ஒரு வாக்கியத்துக்குள் தம்மைக் கண்டுகொண்டார். இதுவே பன்யன் வரலாற்றில் கருதத்தக்க செய்தி என்று நினைக்கிறேன். பெயர் சொல்லி அழைத்த குரல், அது பிசாசின் குரலோ தன் மனத்தின் குரலோ என்ற அடுத்த ஐயத்தையே பிறப்பிக்கும். கிட்டிப்புள் திடலில் கேட்ட குரல் அப்படித்தான் முடிந்தது.

ஆனால் ஐயம் அதோடு ஒழிந்ததா என்றால், இல்லை. பிரசங்கம் செய்யத் தொடங்கிய பிறகும், மேடையில் நிற்கும்போதே தெய்வநிந்தையான எண்ணங்கள் எழுந்து வாயை அடைக்கப் பார்த்ததை அவரே எழுதுகிறார். 1660-இல் மன்னன் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறினான். உரிமம் பெறாதவர் கூட்டம் கூட்டிப் பிரசங்கிப்பதற்கு எதிரான பழைய சட்டம் மீண்டும் உயிர் பெற்றது. அவ்வாண்டு நவம்பர் 12-ஆம் நாள் பன்யன் கைது செய்யப்பட்டார். செய்தி முன்னமே தெரிந்திருந்தது, தப்பியிருக்கலாம். தப்பவில்லை. இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் விடுதலை என்றார்கள். இன்று விட்டால் நாளையே பிரசங்கிப்பேன் என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் பெட்போர்டுச் சிறையில் கழிந்தன.

முதல் மனைவி இறந்து, எலிசபெத் என்பவரை மறுமணம் செய்து ஓராண்டே ஆகியிருந்தது. கணவர் கைதான அதிர்ச்சியில் அந்த அம்மையார் குறைப்பிரசவமாகித் தம் குழந்தையை இழந்தார். ஆயினும் 1661-இல் நீதிபதிகள் முன் தனியே போய் நின்று வாதாடினார். மூத்தாள் மக்கள் நால்வர், அவர்களுள் ஒருத்தி கண் தெரியாதவள், பிறர் இடும் ஈகையே பிழைப்பு என்று எடுத்துரைத்தார். மாத்தியூ ஹேல் என்னும் நீதிபதி இரங்கினார்; உடனிருந்தவர்கள் இரங்கவில்லை. சிறையில் பன்யன் உடைக்கட்டும் நாடாக்களுக்கு உலோக முனை பொருத்தும் வேலை செய்து குடும்பத்துக்கு உதவினார். பார்வையற்ற மகளை நினைக்கும்போதெல்லாம் எலும்பிலிருந்து தசையைப் பிய்ப்பதுபோல் இருந்தது என்கிறார். தன் கொள்கைக்காகப் பிள்ளைகளின் தலைமேல் வீட்டை இடிக்கிறேனோ என்று அவர் கேட்டுக்கொள்வது வெறும் சொல்லலங்காரம் அன்று.

சிறை புகுந்த புதிதில், இது தூக்குமரத்தில் முடியலாம் என்று அவர் நினைத்தார். சாவைவிட வேறொன்றே அவரை வாட்டியது. ஏணியில் ஏறும்போது கால் நடுங்கினால் ஆண்டவர் பெயருக்கு இழுக்காகுமே; அதுவும், மறுமையில் தமக்கு இடம் உண்டென்ற உறுதி அந்நாட்களில் நெஞ்சில் சிறிதும் இல்லையே! ஓர் ஆறுதல் வாக்கு வேண்டி மன்றாடினார். வரவில்லை. வாரங்கள் கழிந்தும் வரவில்லை. இறுதியில் அவருக்குத் தோன்றியது இது: ஆறுதல் தருவதும் தராததும் ஆண்டவர் விருப்பம்; அவர் சொல்லைக் கைவிடுவதும் விடாததும் என் விருப்பத்தில் இல்லை; நான் கட்டுண்டவன். ஆகவே அவர் ஏந்தினாலும் ஏந்தாவிட்டாலும், கண்ணைக் கட்டிக்கொண்டு குதிப்பவனைப்போல் அந்த ஏணியிலிருந்து நித்தியத்துக்குள் குதிப்பேன் என்று தீர்மானித்தார். தீர்மானித்த பிறகே நெஞ்சில் அமைதி வந்தது. முன்னே நம்பிக்கை, பின்னே துணிவு என்பது பொதுவான முறை. இவரிடத்தில் அது முறை மாறி நின்றது.

1672-இல் விடுதலையானார். 1678-இல் மோட்சப் பயணம் வெளிவந்தது. அதில் வரும் ஐயக் கோட்டை இப்போது நமக்கு விளங்கும். கல்வழியை விட்டு, நடப்பதற்கு மென்மையாக இருந்த பக்கத்துப் புல்வெளியில் இறங்கிய பயணியும் அவன் தோழனும் நிராசை என்னும் அரக்கனிடம் அகப்படுகிறார்கள். அரக்கனின் மனைவி பெயர் அவநம்பிக்கை. ஒவ்வோர் இரவும் அவளே யோசனை சொல்கிறாள். புதன் காலை முதல் சனி இரவு வரை இருட்டறை, பட்டினி, தடியடி; நீங்களே உயிரை மாய்த்துக்கொள்ளுங்கள் என்ற அறிவுரை வேறு. சனி நள்ளிரவில் இருவரும் செபிக்கத் தொடங்குகிறார்கள். விடிவதற்குச் சற்று முன் பயணிக்கு நினைவு வருகிறது: வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் இத்தனை நாளும் தன் மார்பிலேயே இருந்திருக்கிறது! உள்ளறைக் கதவு எளிதில் திறந்தது. வெளி இரும்பு வாயிலின் பூட்டோ மிகக் கடினமாகத் திரும்பிற்று; கதவு கிறீச்சிட்டு அரக்கனையும் எழுப்பிவிட்டது. திறவுகோல் இருந்தும் பூட்டு எளிதில் திரும்பவில்லை என்று எழுதியதில் பன்யனின் நேர்மையைக் காண்கிறேன்.

கிருஷ்ண பிள்ளை இந்நூலைத் தமிழாக்கிய பான்மையும் கருதத்தக்கது. 1827-இல் நெல்லைச் சீமையில் வைணவ வேளாளர் குடியில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்து, 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர் அவர். தெரிந்துகொள்ளப்பட்டேனா என்ற கால்வின் வழி வினா, கம்பராமாயணம் கேட்டு வளர்ந்தவரை வாட்டியிருக்கும் முறையே வேறு. குலத்தையும் சுற்றத்தையும் விட்டு வருவதே அவர் முன் நின்ற மலை. ஆகவே பன்யன் பயணி செபித்தான் என்று சொல்லி நிறுத்தும் உரைநடையில் நில்லாமல், இவர் காப்பியத்தினிடையே தேவாரப் பதிகங்களை அமைத்தார். மூலத்தில் ஒருவன் தனியே தன்னோடு வழக்காடுகிறான். தமிழில் அவன் ஆண்டவரை முன்னிலைப்படுத்திப் பாடுகிறான். இழப்பும் உண்டு, ஆதாயமும் உண்டு. ஆதாயமே மிகுதி என்பது என் கருத்து.

கிருஷ்ண பிள்ளை தழுவியது மோட்சப் பயணத்தின் முதற்பாகத்தை. 1684-இல் பன்யன் இரண்டாம் பாகம் எழுதினார். அதில் அரக்கன் கொல்லப்படுகிறான், ஐயக் கோட்டை இடிக்கப்படுகிறது. ஆயினும் அதே பாகத்தில் அஞ்சுவோன் என்று சொல்லத்தக்க ஒரு கிழவரின் கதையை வழித்துணைவன் சொல்லுகிறான். சேற்று நிலத்தின் கரையில் ஒரு மாதத்துக்கு மேல் ஓலமிட்டுக் கிடந்தார் அவர். வாயிலில் தட்ட அஞ்சி, பின் வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டு நின்றார். தம்மை ஏற்றுக்கொள்ளும்படி எழுதிய கடிதம் மடியில் இருந்தும் கதவைத் தட்டத் துணியவில்லை. மலையோ சிங்கமோ அவருக்குப் பொருட்டே இல்லை. மாயச் சந்தையில் ஊரார் அனைவரோடும் சண்டைக்குப் போகத் தயாராக இருந்தார். முடிவில் என்னை ஏற்றுக்கொள்வார்களா என்ற ஒன்றே அவர் அச்சம். கடைசி ஆற்றங்கரையில், இத்தனை தொலைவு நடந்து காண வந்த அந்த முகத்தைக் காணாமலே மூழ்கிவிடுவேன் என்று அழுதார். அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் எக்காலத்திலும் இல்லாத அளவு குறைந்திருந்தது என்கிறான் வழித்துணைவன். பாதம் நனைந்ததற்குச் சற்று மேலாக மட்டுமே நனைந்து, அவர் அக்கரை சேர்ந்தார்.